பூனை போன பிறகும் ஓடிய மூளை அலை

மூளைக்குள் ஓடும் மின்சாரத்தை அளக்கக் கருவி செய்வது, கல்யாண வீட்டுத் தவுல் சத்தத்துக்கு நடுவே கொசுவின் பாட்டைக் கேட்பது போன்ற தொழில். எழுபதுகளில் அடையாற்று ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அந்தத் தொழிலைச் செய்தேன். பிறர் பெயருக்கு உழைத்து முதுகு வளைந்த தோழர்களே, எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை பிசகாமல் சொல்கிறேன்.

முதலாவது, கருவி செய்கிற எங்களுக்கு முக்காலி. அதை வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு மெத்தை நாற்காலி. இரண்டாவது, எங்கள் கருவியை வைத்து எழுதிய கட்டுரையில் பூனைக்கு நன்றி உண்டு, எங்களுக்கு இல்லை. மூன்றாவது, சாந்தோம் ஆரோக்கியமேரி. லென்ஸுக்குக் கீழே தலைமுடி போன்ற கம்பிகளைப் பற்றவைப்பவள். வருஷக்கணக்காகத் தற்காலிக ஊழியர். நானும் தற்காலிகம்தான். ஆனால் எனக்குச் சங்கம் இருந்தது. அவளுக்குப் படுக்கையில் கிடந்த அப்பா இருந்தார். அவளை நிரந்தரமாக்கு என்பதே சங்கச் செயலாளனாக நான் வைத்த கோரிக்கை.

விசிறி

அறையில் விசிறி சுற்றினால் மூளை அலைக்குப் பதில் விசிறியின் அலைதான் காகிதத்தில் பதிவாகும். அதனால் மூளை அலையைப் பதிவுசெய்ய, சின்ன டார்ச் பேட்டரியில் ஓடும் பெட்டி செய்து, விசிறியை நிறுத்திவிட்டு வேலை பார்த்தோம். அக்கினி நட்சத்திரத்தில் நாங்கள் வியர்த்தோம், பூனை தூங்கியது. எங்கள் டைரக்டர், மயிலாப்பூர்க்காரர், பக்கத்து அறையில் விசிறிக்கு நேர் கீழே ஆராய்ச்சி செய்தார்.

‘உழைப்பாளிக்கும் காற்று வேண்டும்’ என்று ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி அவர் கதவில் ஒட்டினேன். முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னார்: “பூனையே வாயைத் திறக்கலை, உமக்கென்ன ஓய்?”

புது அலை

பூனையின் கண்ணெதிரே விளக்கை மின்னவைத்தால் அதன் மூளையில் ஓர் அலை எழ வேண்டும். எங்கள் பெட்டியில் அலையை எழுதும் பேனா துள்ளிக் குதித்தது. இவ்வளவு பெரிய அலையை உலகத்தில் யாரும் கண்டதில்லை என்று டைரக்டர் அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்டார்.

ஒருநாள் விருந்தாளிகளை அழைத்துவந்து, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கு மின்னியது, பேனா குதித்தது. கூண்டு துடைக்கிற பெருமாள், சிந்தாதிரிப்பேட்டை ஆள், உள்ளே எட்டிப் பார்த்தான். “இன்னா சார், பூனை கேண்டீன்ல மீன் துன்னுகினு கீது, இங்க அதோட மூளை எழுதிகினு கீது!”

கண்ணாடிக் கோல்

விளக்கு மின்னும்போது தெறித்த மின்சாரத்தை, பூனைத் தலையில் மாட்டுகிற கம்பி பிடித்துக்கொண்டதுதான் அந்த அலை. டைரக்டரோ, ஆரோக்கியமேரி பற்றவைத்தது சரியில்லை என்றார். மாசக் கடைசியோடு அவளுக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

நானும் அவளும் சண்டை போட்டுக்கொண்டே யோசித்தோம். விளக்கைப் பிஸ்கட் டப்பாவில் அடைத்துச் சுவருக்கு வெளியே வைத்தோம். வளைத்த கண்ணாடிக் கோல் ஒன்றின் வழியாக வெளிச்சத்தை மட்டும் பூனையின் கண்ணுக்குக் கொண்டுவந்தோம். பூனை இல்லாதபோது பேனா அசையவில்லை. இருந்தபோது மெல்ல அசைந்தது. ஆரோக்கியமேரி டைரக்டரிடம் கேட்டாள்: “இனிமே பூனை இருந்தாத்தான் சார் அலை வரும். உங்களுக்குப் பரவாயில்லையா?”

வேலைநிறுத்தம்

அவர் மசியவில்லை. கால்மணி நேர அடையாள வேலைநிறுத்தம் அறிவித்தேன். பதிவு நடக்கும்போதே பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினோம். தொண்டை வறளக் கோஷம் போட்டோம்.

ஒன்றை மறந்துவிட்டேன். பேட்டரி மாற்றும் நேரத்தில் பதிவு அறுந்துவிடக் கூடாதென்று மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய கண்டென்சர் ஒன்றைப் பெட்டிக்குள் நானே வைத்திருந்தேன். பெட்டி குடிப்பதோ துளி மின்சாரம். நாங்கள் கத்திய நேரமெல்லாம் உள்ளே பேனா நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தது. டைரக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார்: “ஸ்ட்ரைக்கை எப்போ ஆரம்பிக்கப்போறேள்?”

நியமனம்

மாசக் கடைசியில் நியமனத்தை மேற்பார்க்க வெளியூர்க் குழு ஒன்று வந்தது. நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. ஆளைத் தேர்வது டைரக்டர். ஆணையை எல்லார் முன்னாலும் சங்கச் செயலாளரே படிக்க வேண்டும் என்று போராடி வாங்கியிருந்தோம். குழுத் தலைவர் ஆரோக்கியமேரியிடம் கண்ணாடிக் கோலைக் காட்டச் சொல்லி, குனிந்து குனிந்து பார்த்தார். “திறமைக்குத்தான் வேலை” என்று அவரிடம் சொல்லிவிட்டு, டைரக்டர் மடித்த காகிதத்தைச் சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார்.

பிரித்தேன். உள்ளே இருந்தது என் பெயர். சங்கத்தை உடைக்க இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. பின்னாலிருந்து ஆரோக்கியமேரி சொன்னாள்: “எதுவானாலும் சத்தமாப் படிங்கண்ணா.”

அவள் பெயரைப் படித்தேன். குழுத் தலைவர் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவர் முன்னால் உண்மையைச் சொல்ல முடியாத டைரக்டர் பல்லைக் கடித்தார்: “ஓய், கண்ணாடியைத் துடைச்சுண்டு மறுபடியும் படியும்!”

ஒருமுறை வந்தது தற்செயல், மறுமுறையும் அதுவே வந்தால்தான் உண்மை என்பது அவரே எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என்பதால், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்னைவிட உரக்கப் படித்தேன்: “எஸ். ஆரோக்கியமேரி!”