ஏழாம் வகுப்பும் லீடர் தனபாலும்

டீச்சர் வேலையில் பாடம் நடத்துவது ஒன்றுதான் சுலபம். ஒரு பையன் இன்னொரு பையனைப் படுத்தும் பாட்டை நிறுத்துவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும். எழுபதுகளின் கடைசியில், கோரிப்பாளையம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஏழாம் வகுப்புக்கு கிளாஸ் டீச்சர். என் கஷ்டத்தைச் சக டீச்சர்மாரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஃபேன் காற்று

கதிரேசன் கொட்டாம்பட்டியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவன். பேச்சு திக்கும். அரிசி மில்காரர் மகன் தனபாலுக்கு அது போதாதா? கதிரேசன் வாயைத் திறந்தால் இவனும் அதேபோலத் திக்கிக் காட்டுவான். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலைக்கு மேலே சுற்றிய ஃபேன் தனபாலின் அப்பா வாங்கிக் கொடுத்தது. காற்று வாங்கியபடியே சொன்னார்: "சின்னப் பயலுக விளையாட்டும்மா. நாமளும் இப்படித்தான வளர்ந்தோம்?"

லீடர் வைத்தியம்

விடாமல் போய் நச்சரித்தேன். சேட்டைக்காரனுக்குப் பொறுப்பைக் கொடுத்தால் திருந்திவிடுவான் என்று தனபாலை லீடராக்கினார். டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது லீடர் வேலை. பெயர் வந்தால் பிரம்படி. உங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே கூத்துத்தானே!

தினமும் முதல் பெயர் கதிரேசன். தண்ணீர் குடிக்கப் போகக்கூட வாய் திறந்து கேட்காத பையன் அவன். "அவன் எப்படா பேசினான்?" என்று தனபாலைப் பிடித்துக் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை: "மனசுக்குள்ள பேசினான் டீச்சர்."

டி.சி.

கதிரேசனின் அப்பா இரும்புப் பட்டறையில் வேலை பார்ப்பவர். காலையில் பள்ளிக்கூடம் என்றாலே பையன் வாந்தி எடுக்கிறான் என்று டி.சி. கேட்டு வந்துவிட்டார். தொல்லை விட்டது என்று ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்தார். நான் குறுக்கே விழுந்து ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வாரம் பாருங்க டீச்சர். சரிப்படலேன்னா என்கூடப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க இரும்பு அடிக்கிற சத்தத்துல இவன் பேசுறது யாருக்கும் கேக்காது."



சிரிக்காத வகுப்பு

மறுநாள் கதிரேசன் வரவில்லை. லீடர் ஹெட்மாஸ்டருக்கு டீ வாங்கப் போயிருந்தான். மற்ற பிள்ளைகளிடம் கேட்டேன்: "தனபால் இம்புட்டு ஆட்டம் ஆடுறானே, யாரை நம்பி? நீங்க சிரிக்கிறதை நம்பித்தான். நீங்க அவனோட சண்டைக்குப் போகவேணாம். சிரிக்காம இருங்க, அம்புட்டுதான்."

அடுத்த நாள் கதிரேசன் எழுந்து பாடம் வாசித்தான். தனபாலும் வழக்கம்போல எழுந்து திக்கிக் காட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னும் சத்தமாகச் செய்தான். முன்வரிசைப் பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தகத்தையே பார்த்தார்கள். கதிரேசன் விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு தனபால் பக்கம் திரும்பினான்: "நா... நான் இன்னும் மு... முடிக்கல. ஒக்காரு."

கதிரேசன் டி.சி. வாங்கவில்லை. தன் லீடர் வைத்தியம்தான் பலித்தது என்று பெருமையை ஹெட்மாஸ்டர் எடுத்துக்கொண்டார், எனக்குப் பையன் மிஞ்சினான்.