ரகரத்தின் வால்

எண்பதுகளின் நடுவில், மதுரைக்கு மேற்கே இருந்த பல்கலைக்கழகத்தில் நான் கம்ப்யூட்டர் படித்தேன். ஹாஸ்டலில் என் அறைத்தோழி வரலாறு படித்தாள். திருவாதவூர்க்காரி, பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுடைய பாடப்புத்தகங்கள் எதுவும் பிரெய்லில் கிடையாது. நான் வாசிக்க வாசிக்க, அவள் தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொள்வாள்.

ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிப் பேச முடியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க மெசினுக்குத் தொண்டை கட்டாதுல்ல? அதை வாசிக்கச் சொல்லேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கோ அது மனசைவிட்டுப் போகவில்லை. அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண வேண்டும் என்பதையே ப்ராஜெக்டாக எடுத்தேன். "முதல்ல நாலஞ்சு எழுத்து வரட்டும்மா" என்றார் பேராசிரியர்.

பக்கத்தைப் படமெடுத்து உள்ளே அனுப்பும் கருவி எங்களிடம் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, மை பட்ட கட்டத்துக்கு ஒன்று, படாததற்குப் பூஜ்யம் என்று நானே தட்டினேன். கம்ப்யூட்டர் அதைத் தன்னிடமிருந்த மாதிரியோடு கட்டம் கட்டமாக ஒப்பிட்டது. எழுத்து கொஞ்சம் சாய்ந்தாலோ தடித்தாலோ, மகரத்தைப் பகரம் என்றது. இரண்டு மாதம் இப்படியே போனது. தலைப்பை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"எழுத்து எப்படி இருக்கும்னு எனக்குக் காட்டு" என்றாள் தோழி. மகரத்தையும் பகரத்தையும் அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். அச்செழுத்தை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. மகரத்தின் மேல் விரலை மெதுவாக ஓட்டினாள்.

"இதுல ஒரு ஓட்டை இருக்கு. பகரத்துல இல்ல. அம்புட்டுதான வித்தியாசம்?"

"கொஞ்சம் சாஞ்சிருந்தா?"

"சாஞ்சா ஓட்டை அடைஞ்சிருமா?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. கட்டங்களை ஒப்பிடுவதை விட்டேன். மூடிய வளையம் உண்டா, கோடு எங்கே முடிகிறது, மேலே தனியாகப் புள்ளி நிற்கிறதா என்று கேட்கும்படி நிரலைத் திருப்பி எழுதினேன். 'மரம்' என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தபோது 'மாம்' என்று வந்தது. ரகரமும் துணைக்காலும் அதற்கு ஒன்றாகவே தெரிந்தன. இரண்டையும் அட்டையில் வெட்டி அவளிடம் நீட்டினேன்.

"ரகரத்துக்குக் கீழ சின்னதா வால் இருக்கு பாரு" என்றாள்.

வாலையும் சேர்த்தேன். அடுத்த வாரம் அவளையும் கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனேன். திரையில் தமிழ் வராது. எழுத்துக்கு எழுத்து நாங்கள் வைத்த ஆங்கிலக் குறிகள்தான் வரும். வந்த குறிகளை ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னேன்: ம, ர, ம்.

"சரியா வாசிச்சிருச்சா?"

"வாசிச்சிருச்சு. இன்னொண்ணு பாக்குறியா?" ரகரம் இருந்த இடத்தில் டகரத்தின் குறியைத் தட்டினேன். "இப்ப மடம்."

அவள் 'மரம், மடம்' என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப உள்ள இருக்கிறது படம் இல்லடி, எழுத்து. மாத்தலாம், தேடலாம், பிரெய்லாவும் ஆக்கலாம்."

அதை நான் அதுவரை யோசித்திருக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போயிருந்தேன். அவளுடைய அப்பா வயலிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏதோ மெசினு புத்தகம் வாசிக்குதாமே, நெசமாத்தா?"

"புத்தகமெல்லாம் இல்லப்பா" என்று அவளே பதில் சொன்னாள். "நாலஞ்சு எழுத்துதான் தெரியும். ஒண்ணாப்புப் பிள்ளை கணக்கா எழுத்துக் கூட்டுது."

"ஒண்ணாப்புல சேந்துருச்சுல்ல. இனி படிச்சுக்கிரும்" என்றவர், எங்கள் தட்டுகளில் இன்னொரு கரண்டி பொங்கலை வைத்தார்.