பேதி உப்பும் அப்பாவின் மூச்சும்

“பேதி உப்பு பேதிக்குத்தாண்டி. இதக் கண்டுபிடிக்கவா காலேஜுக்குப் போனே?” என்றாள் அத்தை. காலையிலிருந்து நான்காவது முறையாக அப்பா கொல்லைப்பக்கம் போயிருந்தார்.

தவறு என்னுடையது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய்த் திருச்சிக் கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். அப்பா வாழைக்காய் மண்டியில் தார் இறக்குபவர். மழைக்காலம் வந்தால் இளைப்பு அவரை உட்கார வைத்துவிடும். போன ஐப்பசியில் நாலு படி ஏறவே நின்று நின்று மூச்சு வாங்கினார். மண்டி வேலை அவ்வளவுதான் என்று அம்மா பயந்துபோனாள்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி நூலகத்தில், ஆஸ்துமாவுக்கு மக்னீசியம் சல்பேட் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு தடித்த மருத்துவப் புத்தகத்தில் படித்தேன். தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போது எல்லோரிடமும் அறிவித்தேன்: “அது வேற ஒண்ணுமில்ல, நம்ம தெருக் கடையில விக்கிற பேதி உப்புதான்.” அடுத்த வரியில் ஊசி என்று இருந்ததைச் சொல்லவில்லை. அது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் வெறும் வயிற்றில் அம்மா ஒரு டம்ளர் கரைத்துக் கொடுத்துவிட்டாள். மகள் சொன்னாள் என்று அப்பாவும் முகம் சுளிக்காமல் குடித்தார்.

அன்று மாலையே, தென்னூர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரமானது.

“புத்தகம் சரிதாம்மா. குடிச்சா குடலோட போயிடும். ரத்தத்துல மெதுவா ஏத்தினாத்தான் மூச்சுக்குழாய்ச் சதை தளரும். வேகமா ஏத்தினா ஆபத்து. அது ஆஸ்பத்திரி வேலை. அதுவும் மத்த ஊசிக்குக் கேக்கலேன்னாதான்.”

கார்த்திகையில் அந்த நிலை வந்தது. ஒரு மத்தியானம் அப்பாவால் இரண்டு சொல் சேர்த்துப் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வழக்கமான ஊசிகளுக்குக் கேட்கவில்லை. டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடியே அந்த மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார். “உடம்பு... சூடா...” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, “அந்த உப்பா இது? மறுபடி கொல்லைக்கு ஓடணுமா?” என்று ஒரே மூச்சில் கேட்டார்.

முன்பு போட்ட ஊசிகளும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

பொங்கலுக்குள் அப்பா மண்டிக்குத் திரும்பிவிட்டார். இப்போது தார் இறக்குவதில்லை, தரம் பிரிக்கிறார். ஒரு மருந்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, அது எந்த வழியில், எவ்வளவு போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். சென்னையில் பார்மசி படிப்புக்கு விண்ணப்பம் எழுதி, அப்பாவின் கைநாட்டை வாங்கி, நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன்.