ஐஸ் அக்காவின் கணவர் கொடுத்த மாதிரி

எங்கள் ஆய்வகத்தில் நேரில் அவளை அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் ஐஸ் அக்கா. குளிர்ச்சியான ஆள் என்பதால் வந்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் அனல்தான் பறக்கும். "ஐஸ்ல வைடி! எதுக்கு அதைக் கையில வெச்சிக்கிட்டு வேடிக்கை பார்க்கற?" என்று அவள் போடும் சத்தம் ஆஸ்பத்திரி கேன்டீன் வரைக்கும் கேட்கும். அதில் பாதிச் சத்தம் எனக்காகப் போட்டது.

அவள் கத்துவதில் நியாயம் இருந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க, சிறுநீரோடு உதிர்ந்து வரும் செல்களில் டெலோமெரேஸ் ஜீன் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. சாதாரண செல்கள் பிரிந்து பிரிந்து வயதாகி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். புற்றுநோய்ச் செல் மட்டும் இந்த ஜீனை எழுப்பி வைத்துக்கொண்டு, கிழடு தட்டாமல் பெருகிக்கொண்டே போகும். ஜீன் விழித்திருந்தால் அதன் நகலான ஆர்.என்.ஏ. அந்தச் சிறுநீர் மாதிரியில் இருக்கும், மெஷினின் திரையில் ஒரு கோடு ஏறும். கோடு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு கவலை. ஆனால் அந்த ஆர்.என்.ஏ. இருக்கிறதே, பொல்லாத தொட்டாற்சிணுங்கி. மாதிரியை ஐஸில் வைக்காமல் மறந்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் அது சிதைந்து போயிருக்கும். அதற்காகவே எல்லாச் செல்லிலும் வேலை செய்யும் சாதுவான இன்னொரு ஜீனையும் கூடவே மெஷினில் ஓட்டுவோம். அந்தக் கோடும் வராவிட்டால் மாதிரி கெட்டுவிட்டது என்று பொருள். நோய் இல்லை என்று பொருள் இல்லை.

அக்காவின் கையில் மாதிரி கெட்டதாகச் சரித்திரமே கிடையாது. என் கையில் கெட்டவற்றுக்குக் கணக்குக் கிடையாது. "உனக்கு இருக்கறது கையா, கரண்டியா?" என்பாள். "என் தப்பு" என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கர்வம்தான். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனாலும் அவள் ஓட்டித் தந்த முடிவை இன்னொரு முறை சரிபார்க்க எங்களில் யாருக்கும் தோன்றாது.

ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களின் மாதிரியும் வேண்டும். அதற்காக நாங்கள் ஊரெல்லாம் அலைவதில்லை. நாங்களே கொடுப்போம், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு வாங்கி வருவோம். அந்த முறை ஐம்பது தாண்டிய ஆண்கள் தேவைப்பட்டார்கள். அக்கா தன் கணவரைக் கேட்டாள். அவர் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்பவர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். நான் அவரை மாமா என்பேன். மாதிரி இருந்த ஐஸ் பெட்டியை ஆய்வக வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டு, "உங்க அக்கா எங்கிட்ட மரியாதையா கேட்டு வாங்கினது வாழ்க்கையிலயே இது ஒண்ணுதாம்மா," என்று சிரித்தார்.

அந்த மாதிரியில் கோடு ஏறியது.

அக்கா முதலில் என் மேல்தான் பாய்ந்தாள். "பக்கத்துக் குழாயிலருந்து தெறிக்க விட்டிருக்க!" நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், என் கை லட்சணம் எனக்குத் தெரியாதா? அவள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மேஜையைத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக எடுத்து, முதலிலிருந்து தானே செய்தாள். கோடு அதே இடத்தில் ஏறியது.

கையுறையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "என் தப்புதான்டி," என்றாள். "கையுறை மாத்தாம எதையோ தொட்டிருப்பேன். என் கைதான் தப்பு பண்ணியிருக்கு." அந்தச் சொல்லைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டேன். கேட்டபோது, அது என் தப்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மாமாவை மாடியிலிருக்கும் பெரிய டாக்டரிடம் காட்டினாள். சிறுநீர்ப்பைக்குள் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்தார்கள். எதுவும் தென்படவில்லை. பெரிய டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார்.

"உங்க டெஸ்ட் இன்னும் ஆராய்ச்சியிலதாம்மா இருக்கு. உள்ள புண்ணு, வீக்கம் இருந்தாக்கூட கோடு ஏறலாம். கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை நான் எங்கேன்னு வெட்டறது? மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதனால்தான் எனக்கு அவர் மேல் அத்தனை ஆத்திரம். தப்பாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாமாவுக்கு ஒரே குஷி. "நான் சுத்தமா இருக்கேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. உங்க மெஷினைத்தான் ஆஸ்பத்திரியில சேர்க்கணும்," என்றார். பட்டறைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. பெயின்ட் புகையும் இந்த நோயைக் கொண்டுவரும் என்று அக்கா வாங்கிக் கொடுத்த முகமூடியைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டார். அவள் மட்டும் அந்த மூன்று மாதம் முடியக் காத்திருக்காமல் அவ்வப்போது அவரிடம் மாதிரி வாங்கி வந்து ஓட்டுவாள். ஒவ்வொரு தடவையும் கோடு கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால்தான் என்ன செய்வார்கள்? தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அக்கா கத்துவதையே விட்டுவிட்டாள். ஒரு நாள் மாதிரியை நான் வெளியிலேயே மறந்து வைத்தேன், பேசாமல் எடுத்து அவளே ஐஸில் வைத்தாள். என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்து மெஷின் பக்கம் இழுத்தாள். "வரலடி. பாரேன், கோடே வரல!"

பார்த்தேன். டெலோமெரேஸ் கோடு வரவில்லைதான். அந்தச் சாதுவான ஜீனின் கோடும் வரவில்லை. திரும்பி மேஜையைப் பார்த்தேன். அவளுடைய ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அன்று அதில் ஐஸே போடவில்லை.

பெட்டியின் மூடியை மட்டும் மூடி வைத்தேன். சாயங்காலம் மாமா அவளைக் கூட்டிப் போக வந்தார். கோடு வரவில்லை என்று அக்கா சொன்னதும், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று பைக் சீட்டைத் தட்டினார். அக்காவும் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. மாமா வண்டியைத் திருப்பப் போன சமயத்தில் என் காதோரம் வந்தாள்.

"ரெண்டு கோடும் வரலன்னு எனக்குத் தெரியாதாடி? காலையில ஐஸ்ல வைக்க மனசு வரல, மேஜை மேலயே விட்டுட்டேன். ஒரே ஒரு சாயங்காலம் வேணும்னு இருந்துச்சு. நாளைக்கு ஒழுங்கா கொண்டு வரேன்."

மறுநாள் பெட்டி நிறைய ஐஸோடு வந்து என் மேஜையில் வைத்தாள். "நீ ஓட்டு. நான் தொடமாட்டேன்." அன்றைக்கு நான் வேலை செய்ததைப் போல என்றைக்கும் செய்ததில்லை. ஒரு துளி சிந்தவில்லை. சாதுவான கோடு வர வேண்டிய இடத்தில் வந்தது. இன்னொன்று, முன்பு எப்போதையும்விடச் சீக்கிரம் ஏறியது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "உன் கையில ஏதாவது தப்பு நடந்திருக்குமாடி?"

கையுறை, குழாய், ஐஸ் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். அத்தனை வருஷம் தப்பு தப்பாகச் செய்து அவளிடம் திட்டு வாங்கியவள் நான். அன்றைக்குப் பார்த்து ஒரு தப்புகூடக் கிடைக்கவில்லை.

"இல்லக்கா," என்றேன்.