இரண்டாவது கொலுசு

ஆமினா அக்காவின் வங்கிப் பணத்தை ஒருவன் ஏமாற்றி எடுத்துக்கொண்டு போனானே... அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான்.

நான் திருடனில்லை. ஒரு காசுகூட என் கைக்கு வரவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருடம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். உன்னிடமும் அந்தப் பசப்பு எதற்கு? கொடுத்தேன். இரண்டு நல்ல வார்த்தைக்காகக் கொடுத்தேன்!

தென்காசியில் எங்கள் வீட்டுப் பின்வாசலும் அவள் வீட்டுப் பின்வாசலும் ஒரே முடுக்கில் எதிரெதிரே இருந்தன. அவள் கணவர் யூசுப் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். எழுபதுகளின் கடைசி அது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ‘ஆமினா’ என்ற மூன்றெழுத்தை மட்டும், வங்கிக் கையெழுத்துக்காக, நான் பழக்கிக் கொடுத்திருந்தேன். அவர் கடிதங்களை நான் படிப்பேன். அவள் சொல்லச் சொல்லப் பதிலையும் நானே எழுதுவேன். பணம் எடுக்க அவள் வங்கிக்குப் போவதில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பாஸ்புக்கோடு என்னிடம் கொடுத்தனுப்புவாள்.

ஒரு கணவன் தன் மனைவிக்கு எழுதியதையெல்லாம் என் குரலில்தான் அவள் கேட்டாள். எவ்வளவு பெரிய நம்பிக்கை அது! அப்போது எனக்கு அது வெறும் பெருமையாக இருந்தது.

அந்த வருடம் சாரல் தொடங்குமுன் ஒரு கடிதம் வந்தது. துபாயிலிருந்து ஊர் வருகிறவர்கள், மற்றவர்கள் தந்த சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கத்தை வைத்தே சிலர் ஏமாற்றுகிறார்களாம். யூசுப் எழுதியிருந்தார்: “என் பெயரையும் நம் மகன் பெயரையும் எவனும் விசாரித்துத் தெரிந்துகொள்வான். அதைச் சொன்னால் நம்பாதே. ஐந்தருவியில் ஒரு கொலுசைத் தண்ணீர் எடுத்தது, இன்னொன்றை நீயே கொடுத்தாய். இதைச் சொல்கிறவன்தான் நான் அனுப்பிய ஆள்.”

படித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“கல்யாணமான வருஷம், தம்பி. ஒத்தக் கொலுசோட எப்படி வீட்டுக்குப் போக? அதையும் கழட்டித் தண்ணியில போட்டுட்டேன். மாமியாகிட்ட ரெண்டையும் அருவி கொண்டுபோயிட்டுன்னு சொன்னேன். நெசம் இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுக்காரவுகளுக்கும் எனக்கும்தான் தெரியும்.”

அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு கொலுசைத் தண்ணீர் எடுத்தது... இன்னொன்றை நீயே கொடுத்தாய்... நான் எழுதியிருக்க வேண்டிய வரியல்லவா! ஒரு கட்டடத் தொழிலாளி எப்படி எழுதினார்?

ஆகவே எடுத்துக்கொண்டேன்.

சாரல் நாட்களில் குற்றாலத்து விடுதி ஒன்றில் கவிதைப் பித்துப் பிடித்த நாங்கள் சிலர் கூடுவோம். வெளியே ஊசித் தூறல். ஈரத் துண்டுகளின் வாடை, எண்ணெய் வாடை. அன்று மாலை கொலுசுக் கவிதையை என்னுடையதாகவே படித்தேன். பக்கத்து அறைக்காரர் ஒருவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, மதுரைப் பக்கத்துப் பேச்சு.

“இந்த மாதிரி ஒரு வரிக்கு என் சொத்தையே எழுதி வைக்கலாம் சார்!” என்றார்.

நண்பன் சண்முகம் சும்மா இருந்திருக்கலாம். “ஏலே, இவனுக்காவது இப்படி வர்றதாவது! ஆரு வீட்டுக் கடுதாசியையோ திருடிட்டு வந்து படிக்கான்லே!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சுருக்கென்றது. இல்லை என்று சாதித்திருந்தால் பொய்யனாக மட்டும் போயிருப்பேன். நானோ, கடிதம் படிப்பதே ஒரு கலை என்று நிறுவக் கிளம்பினேன். யாருடைய கடிதம், எந்தத் தெரு, அந்த வரி ஏன் அடையாளம், வங்கிக்குப் போகிறவனும் நான்தான்... எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டைக்காரர் இடையிடையே ‘அடடா’ என்றார். ஒவ்வொரு ‘அடடா’வுக்கும் நான் ஒரு விவரம் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே நான் ஊர் திரும்பவில்லை. பகல் முழுவதும் அருவியில் நின்றேன். அந்த நேரத்தில் அவன் அவள் வாசலில் நின்றான்.

சாயங்காலம் முடுக்கில் நுழைந்ததும் அக்கா ஓடிவந்தாள். “தம்பி, அவுக ஆள் அனுப்பிச்சிருந்தாக! பசார்ல நமக்குக் கடை அமைஞ்சிருக்காம். இன்னிக்கே அட்வான்ஸ் குடுக்கணுமாம். இன்னும் ஒரே வருஷந்தான், அவுக ஊரோட வந்துருவாக! பேங்குக்குப் போக ஒன்னைத்தான் ரெண்டு வாட்டி தேடினேன், ஆளக் காணோம். பெறவு அவருகிட்டயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.”

“அவுக அனுப்பிச்ச ஆளுதான்னு எப்படிக்கா...” என்று இழுத்தேன்.

“கொலுசுக் கதையச் சொன்னாரே! வேற ஆருக்குத் தெரியும்? நல்ல மனுசன். மடிச்ச கைக்குட்டையால மொகத்தத் தொடச்சிக்கிட்டே பேசினாரு.”

அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு. அப்போதே! அந்த நிமிடம் வாயைத் திறந்திருந்தால், ரயிலடியிலோ செங்கோட்டைப் பஸ்ஸிலோ அவனைப் பிடித்திருக்கக்கூடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் திரும்பவும் குற்றாலத்துக்கு ஓடினேன். அறை காலி. ஈரத் தரையில் ஒரு சோப்பு உறை மட்டும் கிடந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னேன்.

படிவமும் பாஸ்புக்கும் சரியாக இருந்தால் கொண்டுவருகிறவன் முகத்தை யாரும் பார்க்காத காலம் அது. அந்தக் கணக்கில் மிச்சம் ஒன்றுமில்லை. யூசுப்பின் நான்கு வருட வெயில் போயிற்று. கடையும் இல்லை, ஒரு வருடத்தில் ஊர் திரும்புவதும் இல்லை.

இதுவரை சொன்னது சிறிய குற்றம். பெரியதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் புரிந்ததும் அக்கா கடிதம் சொன்னாள். நான் எழுதினேன். “நம்ம ரெண்டு பேரைத் தவிர ஆருக்கும் தெரியாதத, நீங்க அங்கன ஆருகிட்டச் சொல்லிச் சிரிச்சீக?” ரெண்டு பேர்! பேனாவைப் பிடித்திருந்த மூன்றாமவன் அவள் நினைவில் இல்லவே இல்லை. கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்கள் கண்ணாடியையா சந்தேகப்படுவார்கள்?

பதில் வந்தது. அவள் முன்னால் பிரித்துப் படித்தேன். “அல்லாவின் மேல் ஆணை, நான் யாரிடமும் சொல்லவில்லை.” அதற்கு அடுத்த வரி: “கடிதம் படிக்கிற அந்தப் பையனைக் கேட்டாயா?”

அந்த வரியை நான் படிக்கவில்லை.

தாண்டிப் போனேன். என் குரல் தடுமாறக்கூட இல்லை! பதில் எழுத வேண்டும் என்று சொல்லி அந்தக் கடிதத்தை வாங்கி வந்தேன். திருப்பிக் கொடுக்கவேயில்லை. இன்றும் என் பெட்டிக்குள், கவிதை நோட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது.

பிறகு கடிதங்கள் சிறுத்தன. நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பினேன், வந்தது. கொலுசு இல்லை, ஐந்தருவி இல்லை. யூசுப் ஏழு வருடம் கழித்து இடுப்பு ஒடிந்து ஊர் வந்தார். ஒரே வீட்டில் இருவரும் இருக்கிறார்கள். முடுக்கு வரைக்கும் ஒரு பேச்சுச் சத்தம் வருவதில்லை. என்னைக் கண்டால் அவர் கண் ஒரு கணம் நின்று நகரும். அந்த ஒரு கணத்தில் நான் எத்தனை முறை செத்திருப்பேன்...

போன ஆனியில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். அதற்குள் அக்காவே என் வாசலுக்கு வந்து நின்றாள். கையில் ஒரு வெளிநாட்டு உறை. மகன் காசிம் இப்போது சவுதியில் இருக்கிறான்.

“படி தம்பி. மெதுவாப் படி, எங்க வீட்டுக்குள்ள அவுக இருக்காக.”

“அவரே படிக்கலாமேக்கா...”

“வேண்டாம்.” குரலைத் தாழ்த்தினாள். “அவுககிட்ட ஒண்ணு நிக்காது. செஞ்சதையும் செஞ்சிட்டு, ஒரு நாள் ஒன்னையச் சொன்னாக. படிக்கிற பையனக் கேளுன்னு அப்பமே எழுதினேன்னாக. நீ படிச்சு நான் கேக்காத எழுத்தா? பொய் சொல்லாதீயன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டேன். ஒங்கிட்ட இருந்தா வெளிய போவாது.”

சட்டைப் பையில் அந்தக் காகிதம் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. எடுத்து நீட்ட ஒரு கை போதும்... என் இரண்டு கைகளும் புதிய உறையைப் பிரித்தன.

காசிம் எழுதியிருந்தான்: ‘என் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நம்பாதே, உம்மா. நமக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வோம்.’ அதற்குக் கீழே அந்த அடையாளம் இருந்தது. ஒரு வரி. அழகான வரி.

ஒரு சொல் விடாமல் படித்தேன். அக்கா நிம்மதியாகத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

அது என்ன வரி என்று நீ கேட்காதே. நயமாக ஒருமுறை கேட்டுவிட்டால், சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.