கடைவாய்ப் பல்லும் சகலையும்

எரியோட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிணற்று மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டால் முதலில் கூப்பிடுவது மலைச்சாமியைத்தான். எண்பதடி, நூறடிக் கிணறெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரி இறங்கிவிடுவார். ஒரு தடவை பாதி ஆழத்தில், கல் இடுக்கில் ஆள் நீளத்துக்குச் சாரைப்பாம்பு ஒன்று கிடந்தது. மேலே நின்றவர்கள் "ஏறி வந்துருங்கண்ணே" என்று கத்தினார்கள். அவர் அதை வாளிக்குள் சுருட்டிப் போட்டு, "மொதல்ல இவரத் தூக்குங்கப்பா, நான் பெறகு வாரேன்" என்றார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. இப்போது நாற்பத்தொன்பது. அந்தக் கதையை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவருக்கு எட்டு மாதமாகப் பல்வலி. யாரிடமும் மூச்சு விடவில்லை.

வலப்பக்கம் கீழே, கடைவாய்ப் பல். முதலில் பாக்குத் துண்டு மாட்டிக்கொண்டது போல ஓர் உறுத்தல். பிறகு தண்ணீர் பட்டால் காது வரை இழுத்தது. நாக்கால் தடவினால் ஒரு குழி தட்டுப்பட்டது. சட்டைப் பையில் கிராம்பு வைத்துக்கொண்டார். கிராம்பு கேட்காத நாளில் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, கடைக்காரர் "பல்லுக்காண்ணே?" என்று கேட்டால் "முட்டிக்கு" என்றார். சாப்பாட்டை இடப்பக்கத்திலேயே மென்று பழகினார். மனைவி அழகம்மாளுக்குக்கூட ரொம்ப நாள் தெரியாது.

மூன்றாம் வகுப்பில் நடந்தது ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு வாத்தியார் அவர் கைகளைப் பெஞ்சோடு சேர்த்து அமுக்கினார், இன்னொருவர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டு மரத்துப்போவதற்கு முன்பே குறடு உள்ளே வந்துவிட்டது. வலிக்கிறது என்று சொல்ல வாயும் இல்லை, தட்டிவிடக் கையும் இல்லை. வலிகூட மறந்துபோயிற்று. கை அசைக்க முடியாமல் கிடந்தது மறக்கவில்லை.

அவருக்கு ஒரு சகலை உண்டு. அழகம்மாளின் தங்கை முனீஸ்வரியைக் கட்டியவன், பெயர் மோகன்குமார். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. மலைச்சாமியைவிட ஆறு வயது இளையவன். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவன். ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டியவன், ஊசியைப் பார்த்ததும் அங்கேயே மயங்கி விழுந்தான். சேவுகம்பட்டி மாமியார் வீட்டில் ஓடு மாற்ற, தென்னையில் ஏற, கிணறு தூர் வார எல்லாவற்றுக்கும் மலைச்சாமிதான். மோகன்குமார் கீழே நின்று "பார்த்துண்ணே, பார்த்துண்ணே" என்று கத்துவான். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் யார் ஆம்பளை என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சந்தேகம் வந்தது மச்சினன் மகளுக்குக் காது குத்திய அன்றுதான்.

கிடாய் வெட்டிச் சமையல். பந்தியில் உட்கார்ந்ததும் மாமியார் வழக்கம்போல நல்லி எலும்பாகப் பொறுக்கி மலைச்சாமி இலையில் வைத்தார். "பெரிய மாப்ள நல்லாக் கடிச்சுச் சாப்புடுவாரு" என்றார். மலைச்சாமி எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இலையில் மோகன்குமாருக்கு வேறு சாப்பாடு வந்தது. குழைய வடித்த சோறு, மசித்த ஈரல், மேலே நெய்.

"அவருக்கு என்ன தனியா?" என்று கேட்டார் மலைச்சாமி.

"சின்ன மாப்ளைக்குப் பல்லுப் புடுங்கியிருக்குல்ல? ஒன்னு இல்ல, ரெண்டு. ஒரே நாளுல! சத்தமில்லாம உக்காந்து புடுங்கிட்டு வந்திருக்காரு பாத்துக்கங்க" என்றார் மாமியார். அந்தக் குரலில் இருந்த பெருமை, கிணறு தூர் வாரிய அன்றுகூட மலைச்சாமிக்குக் கிடைத்ததில்லை.

எதிர்ப் பந்தியிலிருந்து யாரோ, "ஏப்பா மோகனு, எப்புடி நடந்துச்சு, சொல்லேன்" என்றார்கள். மோகன்குமார் கண்ணை விரித்து ஆரம்பித்தான். "அத ஏன் கேக்குறீங்க. அந்தச் சேர் இருக்கே, அப்புடியே சாயுது..."

எல்லாரும் சோற்றை மறந்து அவனைப் பார்த்தார்கள். அழகம்மாளும் கரண்டியோடு நின்றுவிட்டாள். மலைச்சாமியின் மகள் ஜீவிதா, "சித்தப்பா, பெறகு?" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். மலைச்சாமி ஒரு கோபத்தில் எலும்பை எடுத்து வலப்பக்கத்திலேயே கடித்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே எழுந்து கை கழுவப் போய்விட்டார். குழாயடியில் நின்றிருந்தபோது உள்ளே எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி உள்ளே போகவில்லை. அந்தக் குழைந்த சோற்றை நினைத்தால் அவருக்கு அழுகையாக வந்தது. அது தன் வாய்க்குள் போயிருக்க வேண்டிய சோறு.

அன்றிலிருந்து வலியோடு இதுவும் சேர்ந்துகொண்டது. மோட்டாரைக் கழற்றும்போது மோகன்குமார் நினைவுக்கு வந்தான். கிணற்றுக்குள் தொங்கும்போது நினைவுக்கு வந்தான். அவனால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. அவனால் எப்படி முடியலாம் என்றுதான் யோசித்தார். அவனுக்கு வேர் ஆழமில்லாத பல்லாக இருக்கும். டாக்டர் தெரிந்தவராக இருப்பார். மயக்க ஊசி போட்டுத் தூங்க வைத்திருப்பார்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எதிலும் மனம் ஆறவில்லை.

புரட்டாசியில் கன்னம் வீங்கிவிட்டது. இனி மறைக்க முடியாது.

"பல்லா?" என்றாள் அழகம்மாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இம்புட்டு வீங்குற வரைக்கும் வச்சுக்கிட்டா இருந்தீங்க? மோகன் தம்பி போன டாக்டரு நல்லாப் பாக்குறாங்களாம். தம்பி மாதிரி போயிச் சட்டுனு புடுங்கிட்டு வாங்களேன்."

"தம்பி மாதிரி போகணுமா? எனக்குப் போகத் தெரியாதா?" என்று சட்டையை மாட்டினார்.

அதே டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டார். 'உங்க சகலையவிட நீங்க தைரியம்' என்று அந்த டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அதற்காகப் பல் போனால் போகட்டும் என்று தோன்றியது.

நாகல் நகரில் மாடி மேல் சின்ன கிளினிக். வாசலில் செருப்பைக் கழற்றும்வரை தைரியம் இருந்தது. மேஜையில் இருந்த ஜெயமேரி என்ற பெண் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டாள். அவர் அழகம்மாளின் நம்பரைக் கொடுத்தார். உள்ளேயிருந்து மருந்து வாசனையும், ஏதோ ஒன்று சுழலும் மெல்லிய கீச்சொலியும் வந்தன. அந்த ஒலி நின்று, மறுபடி கிளம்பி, நின்றது. மலைச்சாமியின் கை இரண்டும் தானாகவே நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"மலைச்சாமி யாருங்க? உள்ள வாங்க."

அவர் அசையவில்லை.

"ஐயா, நீங்கதான மலைச்சாமி?"

"நான் இல்லம்மா" என்றார் மலைச்சாமி. "அவரு இப்பத்தான் கீழ எறங்கிப் போனாரு. இருங்க, கூட்டிட்டு வாரேன்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினார். வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். வீட்டில், "டாக்டரம்மா இன்னைக்கு லீவு" என்றார். அரைமணி நேரத்தில் கிளினிக்கிலிருந்து அழகம்மாளுக்குப் போன் வந்தது. அவள் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டு, போனை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அவருக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை. கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் யாருக்கோ போன் செய்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியது மோகன்குமார்.

மலைச்சாமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இவன எதுக்குடி கூப்ட்ட?" என்றார் பல்லைக் கடிக்க முடியாமல். "என்னயக் கையப் புடிச்சுக் கூட்டிப்போக இவனா?"

மோகன்குமாருக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கன்னத்தைப் பார்த்து "ஸ்ஸ்" என்றான், தனக்கு வலிப்பது போல.

"பயமா இருக்காண்ணே?"

"எனக்கா?"

"எனக்கு இருந்துச்சுண்ணே. நான் மூணு தடவ ஓடிட்டேன். மொதத் தடவ படியிலயே. ரெண்டாந்தடவ பேரக் கூப்புடவும். மூணாந்தடவ சேருல படுத்து, டாக்டரம்மா கைய வைக்கவும் எந்திரிச்சு ஓடியாந்துட்டேன், கழுத்துல கட்டுன துணியோட. நாலாந்தடவ போறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல ஒக்காந்து அழுதேன். முனீஸ்வரியக் கேட்டுப் பாருங்க."

மலைச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பெறகு எதுக்குச் சேவுகம்பட்டியில வீரன் மாதிரிப் பேசுன?"

"எங்கண்ணே பேசுனேன்? அத்தைதான் பெரும பேசுச்சு. நான் ஓடுன கதையத்தான் சொன்னேன். அந்தத் துணியோட பாத்திரக்கட வரைக்கும் ஓடுனதச் சொன்னப்பதான் எல்லாருக்கும் அம்புட்டுச் சிரிப்பு. நீங்க பாதியிலயே கை கழுவப் போயிட்டீங்க."

மலைச்சாமிக்குப் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை, கூடிவிட்டது. ஓடினேன், அழுதேன் என்று ஒருவன் முழுப் பந்தியிலும் சொல்லியிருக்கிறான். சொன்ன பிறகும் மாமியார் அவனுக்கு நெய் ஊற்றியிருக்கிறார். அவன் மதிப்பு ஒரு துளி குறையவில்லை. இங்கே நான் எட்டு மாதம் மருந்துக்கடைக்காரரிடம்கூட முட்டிவலி என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்படி வாயைத் திறந்து சொல்லிவிட ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? சாரைப்பாம்பைப் பிடிக்கிற மாதிரி ஒரு காரியம்தான் அதுவும் என்று பட்டது. அதில் அவன்தான் கெட்டிக்காரன்.

"எனக்கும்தான்" என்றார் கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"என்னண்ணே?"

"பயமாத்தான் இருக்கு. கெளம்பு, போவோம்."

டாக்டர் கிளாரா முப்பத்தைந்து வயதுப் பெண். பார்த்தவுடன் இன்றைக்கு எடுக்க முடியாது என்றார். சீழ் கோத்திருக்கிறது, வீக்கத்தோடு ஊசி போட்டால் சரியாக மரக்காது, ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு வாருங்கள் என்றார். மலைச்சாமிக்கு அந்தம்மா காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் மரக்காது என்ற சொல் அவரை உலுக்கிவிட்டது. மூன்றாம் வகுப்புக் கதையை அங்கேயே சொல்லிவிட்டார். அழகம்மாளுக்குக்கூடத் தெரியாத கதை. வாத்தியார் கையை அமுக்கியதைச் சொல்லும்போது தன் கை இரண்டையும் மடியோடு சேர்த்து அமுக்கிக் காட்டினார்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். "இங்க யாரும் உங்க கையப் புடிக்க மாட்டாங்க" என்றார். "அடுத்த வாரம் வரும்போது நல்லாச் சாப்பிட்டு வாங்க. என்ன பண்ணப் போறேன்னு ஒவ்வொன்னுக்கும் முன்னாடி சொல்லிருவேன். எப்ப நிறுத்தணும்னு தோணினாலும் இடது கையத் தூக்குங்க, அந்த நிமிஷம் நிறுத்திருவேன்."

"நெசமாவா?"

"தூக்கித்தான் பாருங்களேன்."

ஆறாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டார். மோகன்குமார் கடைக்கு லீவு போட்டு வந்திருந்தான். வெளியே உட்கார்ந்திருந்தவன் முகம் இவரைவிட வெளிறியிருந்தது. "மூக்காலயே மூச்ச விடுங்கண்ணே. மேல லைட்டப் பாக்காதீங்க, பக்கத்துச் செவத்துல காலண்டர் இருக்கு, அதுல தேதி எண்ணுங்க" என்றான்.

டாக்டர் கிளவுஸ் மாட்டியதுமே மலைச்சாமி கையைத் தூக்கினார். டாக்டர் நிறுத்தினார். ஊசியை எடுத்ததும் தூக்கினார். அதையும் கீழே வைத்துவிட்டார். சொன்ன சொல் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாய் முழுதாகத் திறந்தது. ஊசி எறும்பு கடித்த மாதிரி இருந்தது. செத்த நேரத்தில் உதடு தடித்து, யாருடைய உதடோ போல ஆனது. டாக்டர் கம்பியால் தொட்டு "வலிக்குதா?" என்றார். இல்லை. "இனிமே அமுக்குற மாதிரி இருக்கும், வலிக்காது" என்றார். அமுக்கியது. தாடைக்குள் ஏதோ நறநறத்தது. கை மேலே போனது. நின்றது. மறுபடி அமுக்கியது. மறுபடி தூக்கினார். கடைசியாக ஒரு தடவை, வெறுமனே நிற்கிறதா என்று பார்க்கத் தூக்கினார். காலண்டரில் பதினேழாம் தேதியில் இருந்தார். "முடிஞ்சிருச்சு" என்றார் டாக்டர்.

பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது, துப்பக் கூடாது, பேசக் கூடாது. மலைச்சாமி எழுந்திருக்கவில்லை. ஜெயமேரியிடம் கை ஜாடையாலேயே பேனா கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினார்: 'மோகன்குமார் எத்தனை தடவை கை தூக்கினார்?'

டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "அத நான் சொல்ல மாட்டேன்."

வீட்டில் அழகம்மாளும் ஜீவிதாவும் வாசலிலேயே நின்றார்கள். "என்னாச்சு, எப்புடி இருந்துச்சு?" மலைச்சாமியின் வாயில் பஞ்சு. அதனால் மோகன்குமார்தான் சொன்னான். கண்ணை விரித்து, கையை ஆட்டிச் சொன்னான். "அண்ணே கல்லு மாதிரி ஒக்காந்திருந்தாரு. கண்ணச் சிமிட்டல. டாக்டரம்மாவே அசந்து போயிட்டாங்க." அழகம்மாள் அவனுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள். "தம்பி இல்லன்னா இது நடந்திருக்குமா?" என்றாள். ஜீவிதா அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மலைச்சாமி மூலையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பல் என்னுடையது, வலி என்னுடையது, கதை மட்டும் அவனுடையதா? இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. பன்னிரண்டும் போன பிறகு பஞ்சை எடுத்துப் போட்டார்.

"பொய் சொல்றான்" என்றார். உதடு இன்னும் சரியாக மடங்கவில்லை. "அஞ்சு தடவ கையத் தூக்குனேன்."

"அஞ்சு தடவையா?" என்றாள் அழகம்மாள்.

"அஞ்சு. இவன் மூணு தடவ ஓடுனான்ல? நான் ஒரே ஒரு தடவ ஓடுனேன். ஆனா எப்புடி ஓடுனேன்னு தெரியுமா? மலைச்சாமி யாருன்னு அந்தப் புள்ள கேட்டுச்சு. நான் இல்லன்னுட்டேன். அவரு கீழ போயிட்டாரு, நான் போயிக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு எறங்குனேன்."

முதலில் ஜீவிதா சிரிக்க ஆரம்பித்தாள். அழகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலைச்சாமி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, மோகன்குமார் முகத்தில் கொஞ்ச நேரம் பார்வையை நிறுத்தினார். அவனும்தான் சிரித்தான்.

"இது எனக்குத் தோணலையேண்ணே" என்றான்.

கார்த்திகையில், மேல்பல் ஒன்றில் இருந்த குழியை அடைக்க டாக்டர் வரச் சொன்னார். மலைச்சாமி தனியாகவே பஸ் ஏறிப் போனார். பெயரைக் கூப்பிட்டதும் "நான்தாம்மா" என்றார். முடித்துக் கீழே வந்து, படியிலேயே நின்று சகலைக்குப் போன் போட்டார்.

"மோகனு, இந்தத் தடவ ரெண்டே தடவதான் கையத் தூக்குனேன்."

"அப்புடியாண்ணே! சூப்பருண்ணே" என்றான் மோகன்குமார். அவன் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. "அடைக்குறது லேசுதாண்ணே. எனக்கு அடைச்சப்ப ஒரு தடவகூடத் தூக்கல."

மலைச்சாமி போனை வைத்துவிட்டார்.