இன்னொரு சிதிகோவா

இது எனக்கே நடந்தது. கனவு இல்லை. காய்ச்சல் பிதற்றலும் இல்லை. நான் கணக்கு டீச்சர். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள்... அந்த மதியம் வரைக்கும்.

கிர்கிஸ் மலைப்பக்கம் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். இரண்டாவது குழந்தை பிறந்தபோது எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. புது ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வார்டில் நான் மட்டும். வெளியே பனி கொட்டியது. ஹீட்டர் ஓடவில்லை. வாயைத் திறந்தாலே புகை வந்தது.

நர்ஸ் தமிரா ரத்தப் பையோடு வந்தாள். காதில் போன்.

"சிதிகோவாதானே?"

"ஆமா, மைராம் சிதிகோவா. பையில பேரு சரியா இருக்கான்னு பாத்தீங்களா அக்கா?"

"டீச்சருக்கு இங்கயும் பேப்பர் திருத்தணுமா? பேசாமப் படும்மா."

ஊசியைக் குத்தி, பையை மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சொட்... சொட்...

கொஞ்ச நேரத்தில் கை எரிந்தது, நரம்புக்குள் வெந்நீர் ஓடுகிற மாதிரி. இடுப்பு பிளந்தது. மூச்சு முட்டியது. கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

கதவு திறந்தது. எப்போதும் கிறீச்சிடுகிற கதவு... சத்தமே இல்லை.

ஒரு பெண். ஆபரேஷன் கவுன். வெறுங்கால்.

"அக்கா... நர்ஸைக் கூப்பிடுங்க..."

என் வாயிலிருந்து புகை வந்தது.

"கழட்டு" என்றாள். அவள் வாயிலிருந்து புகை வரவில்லை.

"என்னது?"

"அது என்னோடது. கழட்டுடி!"

பாய்ந்தாள். முடியைப் பிடித்து என் தலையைக் கட்டில் கம்பியில் மோதினாள். மறுபடி மோதினாள். உதைத்தேன். பனிக்கட்டியை உதைத்த மாதிரி இருந்தது. என் நெஞ்சில் முட்டி போட்டு ஏறினாள்.

ஊசி இருந்த இடத்தில் கடித்தாள்.

இழுத்தாள்.

சதை கிழிந்தது. ஊசி தெறித்தது. பை தரையில் விழுந்து வெடித்தது. சுவரெல்லாம் ரத்தம்.

அவள் தரையில் மண்டியிட்டாள். ரத்தத்தை வாரி வாரித் தன் கையில் தேய்த்தாள்.

"உள்ள போ... உள்ள போ..."

அலறினேன்.

தமிரா ஓடி வந்தாள். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. தமிரா கிழிந்த பையை எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

"ஐயோ... இது மீரிம் சிதிகோவாவோடது..."

எனக்கு வர வேண்டிய பை முன்னமே ஆபரேஷன் அறைக்குப் போயிருந்தது. அங்கே அதை மீரிமுக்கு ஏற்றிவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் வேறு வேறு ரத்த வகை. என் கதவு திறந்தபோது அவள் ஏற்கெனவே பிணம்.

எனக்குக் கொஞ்சம்தான் உள்ளே போயிருந்தது. பிழைத்துக்கொண்டேன். "வலி தாங்காம நீயே கடிச்சுப் பிச்சுக்கிட்ட" என்றார் டாக்டர். நானும் அப்படியே நம்பப் பார்த்தேன்.

பனி உருகிய பிறகு மீரிமின் அக்கா ஷாயிர் என் வீட்டுக்கு வந்தாள். உடலைக் குளிப்பாட்டியவள் அவள்தான். டீயைத் தொடவே இல்லை. என் கையையே பார்த்தாள்.

"அவ பல்லு இறுகியிருந்துச்சும்மா. கஷ்டப்பட்டுத் திறந்தோம். உள்ள ஒரு துண்டு சதை... அவ உடம்புல எங்கயும் காயம் இல்ல. யாருதுன்னு புரியல..."

"அப்புறம்?"

"அதோட சேத்துத்தான் புதைச்சோம்."